ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு... பக்கத்துல உட்கார ஆள் இருக்கா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டினால் கீழ்புத்துப்பட்டு. பலருக்கு இது மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் இருக்கும் ஊர். சிலருக்கு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கும் ஊர். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்பளத்துக்கும் கடலுக்கும் தினக்கூலி வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியை நம்பி இருக்கும் பகுதி இது.

வகுப்பறையில் டெக்னாலஜி நல்லதா, கெட்டதா? இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க விவாதம் நடக்குது. ஆனால் இந்தக் கடற்கரையிலேயே அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கு.

2021-ல் மரக்காணத்தில் என்ன நடந்தது?

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். இடையில் சுமார் 19 மாதங்கள். அந்தக் காலத்தில் பாடம் முழுக்கத் திரைக்குப் போனது. 2019-ல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஓடின. வசதி இருந்த வீடுகளில் வாட்ஸ்அப், ஆன்லைன் கிளாஸ். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப் பையில் என்றால்? அந்தப் பிள்ளைக்கு வகுப்பே இல்லை.

பள்ளி திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், 2021 அக்டோபர் 27-ல், மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பெயர், ‘இல்லம் தேடிக் கல்வி’. மாலை 5 முதல் 7 மணிக்குள், அதே ஊரைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். அவருக்கு மாதம் 1,000 ரூபாய். ஒன்றரை ஆண்டுக்கு மேல் திரையை நம்பியதில் விழுந்த ஓட்டையை அடைக்க, கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் தேவைப்பட்டார்.

பலன் கிடைத்ததா?

கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 2021 டிசம்பரில், 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் கணிதத்திலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வியே காரணம் என்கிறது ஆய்வு. ஒரு தெரு, ஒரு பாய், ஒரு கரும்பலகை. அவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய பலன்!

அப்போ டெக்னாலஜியே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. டெல்லியில் அரசுப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. இதிலும் சிங், முரளிதரன் இருவரும் உண்டு. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. அதாவது, ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடம் நடத்துகிறார். பிள்ளைக்குத் தெரிந்தது நான்காம் வகுப்புக் கணக்குகூட இல்லை.

‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்தே ஆரம்பித்தது. நாலரை மாதத்தில், அதைப் பயன்படுத்திய பிள்ளைகளின் கணித முன்னேற்றம் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. நாற்பது பேர் வகுப்பில் எந்த ஆசிரியராலும் தனி ஆளாகச் செய்ய முடியாத வேலை இது. அதைக் கணினி செய்தது.

ஆனால் இதில் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கு. அந்த மையத்தில் 45 நிமிடம்தான் கணினி. அடுத்த 45 நிமிடம், சிறு குழுவாக ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அங்கேயும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்!

ஆளை யோசிக்காமல் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பெரு நாடு உதாரணம். லட்சக்கணக்கான லேப்டாப்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2012-ல் வந்த மதிப்பீட்டில் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்ற பகுதி பலவீனமாகவே இருந்தது.

இங்கே நிலைமை என்ன?

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் இல்லை. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் சுமார் 50 லட்சம் லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு சேர்க்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் 22,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளி வகுப்பறைகளை ஸ்மார்ட் வகுப்பறையாக்கும் திட்டமும், சுமார் 80,000 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் திட்டமும் வந்தன. இதய அறுவை சிகிச்சையை யூடியூபில் பார்க்கும் நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே காட்சி, உப்பளத் தொழிலாளியின் மகளுக்கும் கிடைக்கணும். அது அவளுடைய உரிமை. இந்தத் திட்டங்களை வரவேற்கவே வேண்டும்.

சிக்கல் வேறு இடங்களில் இருக்கு.

முதலாவது, ஆசிரியரின் நேரம். வருகைப் பதிவு, தேர்வு மதிப்பெண், மாணவர் விவரம் என எல்லாத்தையும் எமிஸ் தளத்தில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்கின்றன. பிள்ளையைப் பார்க்க வேண்டிய கண் திரையைப் பார்க்கிறது. ஆசிரியரின் வேலையைக் குறைக்கணும் என்று வந்த டெக்னாலஜி, புதிதாக ஒரு வேலையைக் கொடுத்திருக்கு.

இரண்டாவது, வீட்டில் போன் யார் கையில் இருக்கு என்பது. கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட 2023 அசர் கணக்கெடுப்பில், சுமார் 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், சொந்தமாக வைத்திருந்த ஆண் பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகள் 19.8 சதவீதம் மட்டுமே. “வீட்டுப்பாடத்தை ஆப்பில் பாருங்க” என்று சொன்னால், அண்ணன் போனைக் கீழே வைக்கும் வரை தங்கை காத்திருக்கணும்.

மூன்றாவது, இந்தக் கரைக்கே உரிய சிக்கல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் வந்தால் முதலில் போவது மின்சாரம். உப்புக் காற்று எந்த மின்சாதனத்தையும் சும்மா விடாது. ரிப்பேர் பார்க்க ஆளும் பணமும் ஒதுக்காமல் மாட்டிய ஸ்மார்ட் போர்டு, கொஞ்ச நாளில் வெறும் சுவர்தான்.

என்ன செய்யணும்?

பெருந்தொற்று தணிந்த பிறகு, இல்லம் தேடிக் கல்வி மையங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. தவறு நடந்தது அங்கேதான். அது அவசர காலத்துக்கான தற்காலிக ஏற்பாடாகப் பார்க்கப்பட்டது. ஆனால் பின்தங்கும் பிள்ளை எல்லா வருஷமும் இருக்கு. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் அறிவித்த மாநிலத்துக்கு, தெருவுக்கு ஒரு தன்னார்வலர் தாங்க முடியாத செலவு கிடையாது.

கீழ்புத்துப்பட்டு மாதிரி ஊர்களில் அந்த மாலை நேர மையங்கள் நிரந்தரமாக இருக்கணும். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று காட்டும் ஒரு டேப்லெட், அதைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்க உள்ளூர் அக்கா ஒருவர். அவருக்கு 1,000 ரூபாயைவிட மரியாதையான ஊதியம். ஆசிரியரிடமிருந்து டேட்டா என்ட்ரி வேலையை எடுத்துவிட்டு, அதற்குத் தனி ஆள். புதிதாக வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் பராமரிப்புத் தொகையைச் சேர்த்தே பட்ஜெட்.

முகாமிலோ குப்பத்திலோ இருக்கும் பிள்ளைக்கு, அப்பா அம்மா வேலை முடிந்து அசதியோடு திரும்பும் நேரத்தில் கணக்குப் புரியவில்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். “எங்க தப்பு போச்சு, காட்டு” என்று கேட்க அந்த ஆள் இருந்தால், கையில் இருக்கும் டேப்லெட்டும் பயன்படும். அவர் இல்லாவிட்டால், பிள்ளை கேள்வியை விட்டுவிட்டு ரீல்ஸுக்குப் போய்விடும்.