டல்லாஸ் தப்பியது எப்படி?

2006-க்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்தபோது, லாஸ் வேகாஸில் 60 சதவிகிதத்துக்கும் மேல் வீழ்ச்சி! வாங்கிய கடனைவிட வீட்டின் மதிப்பு குறைந்துபோக, சாவியை வங்கியிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பியவர்கள் உண்டு.

டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸிலோ சரிவு சுமார் 11 சதவிகிதம்தான். அங்கே நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆட்கள் வர வர புது வீடுகள் முளைத்ததால், விலை அதற்குமுன் தாறுமாறாக ஏறவே இல்லை.

இன்னொரு காரணம், கடன் கெடுபிடி. குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்துக் கைச்செலவுக்குப் பணம் வாங்க, டெக்சாஸில் 1998-ல்தான் வழி திறந்தது. அதிலும் வீட்டின் மேலுள்ள மொத்தக் கடன் அதன் மதிப்பில் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். சொந்த வீட்டுக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் விலை 11 சதவிகிதம் இறங்கியும், அப்படிக் கடன் வாங்கியவரின் வீடு கடனைவிட அதிக மதிப்போடுதான் நின்றது.