ஹீட்டர் லைனுக்கு ஒரு ஃபியூஸ்

2021 ஜூலை 15 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்த வின்டேஜ் வாகன விதிகளை வாசகர்கள் இதற்குள் படித்திருப்பீர்கள். ‘வி.ஏ.’ பதிவெண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி ஆகியவை வண்டிக்காரர்கள் பார்க்க வேண்டிய கணக்கு. வயரிங் வேலை செய்யும் நமக்கு முக்கியம் வரையறையில் உள்ள நிபந்தனை: 50 ஆண்டு கடந்த வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய அளவில் மாற்றிக் கட்டியிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட மாற்றமாக விதி பெயர் சொல்வது சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகிய மூன்றை மட்டுமே. வயரிங் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் பட்டறைகள் தயங்குகின்றன. நம்மிடம் அதிகம் கேட்கப்படுவது ஹீட்டர் புளோயர் பற்றித்தான். இறக்குமதியான மோரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. வண்டிகளில் ஸ்மித்ஸ் ஹீட்டர் இருக்கும். சமவெளியில் அதற்கு வேலையே இல்லாமல் பல ஆண்டுகள் கிடந்திருக்கும். புதிய விதி ராலிக்கும் கண்காட்சிக்கும் போய்வர அனுமதிக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் கண்ணாடி உள்ளே பனித்துவிட்டால் எதிரே வரும் பஸ் தெரியாது. அங்கே புளோயர் சொகுசுச் சாமான் அல்ல, ஓட்டுநரின் கண். அதனால் உரிமையாளர் அதை ஓடவைக்கச் சொல்கிறார். கூடவே, “புது வயர் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது, ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார்” என்றும் சொல்கிறார். தயாரிப்பாளர் கொடுத்த வடிவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு இந்தப் பயம் இரட்டிப்பாகியிருக்கிறது.

நம் நிலையை நேராகவே சொல்கிறோம். பழைய லைனை அப்படியே உயிர்ப்பித்துக் கொடுப்பது தவறு. ஹீட்டருக்குத் தனி ஃபியூஸ் போடாமல் வண்டியை விடக் கூடாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள புளோயர் நாலைந்து ஆம்பியர் இழுக்கும். புஷ் காய்ந்து ஆர்மேச்சர் இறுகினால் அது பல மடங்காகும். ஹீட்டர் லைன் 14/0.30 வயர் என்றால் அது தாங்குவது 8.75 ஆம்பியர். அதற்கு மேலே ஃபியூஸ் பெட்டியில் இருப்பதோ 35 என்று அச்சிட்ட லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ். அந்த 35 அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர். ஆக, இறுகிப்போன மோட்டார் 14 ஆம்பியர் இழுத்தால் ஃபியூஸ் அசையாது, வயர்தான் வேகும். இதில் கடையில் கிடைத்த வேறு வகை 35 ஆம்பியர் ஃபியூஸைச் செருகியிருந்தால், 35 வரை தொடர்ந்து போகும். ஐம்பதுகளின் வண்டியில் ரப்பர் உறையும் பருத்திப் பின்னலும் கொண்ட வயர் என்றால் சொல்லவே வேண்டாம். தொட்டாலே ரப்பர் உதிரும்.

செய்முறை நமக்குப் புதிதல்ல. பெட்டியின் இக்னிஷன் பக்கத்துப் பச்சை வயருக்கும் ஹீட்டர் சுவிட்சுக்கும் நடுவில், வயர் தாங்கும் அளவைத் தாண்டாத இன்லைன் ஃபியூஸ். சுவிட்சிலிருந்து மோட்டாருக்குப் பச்சை-மஞ்சள் நிறமே இருக்கட்டும். சுவிட்ச் காண்டாக்ட் தேய்ந்திருந்தால் ரிலே வைத்து, பழைய சுவிட்சை ரிலே காயிலுக்கு மட்டும் விடுங்கள். ரிலேயின் 30-க்கு வரும் பேட்டரி லைனிலும் ஃபியூஸ் வேண்டும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் டயோடு உள்ள ரிலேயைப் போடும்போது 85, 86 மாறினால் சுவிட்ச் போட்டதும் ஷார்ட்தான். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டியில் பர்மனென்ட் மேக்னட் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கூண்டு ஃபேன் அப்போதும் அதே பக்கம்தான் காற்றைத் தள்ளும், ஆனால் பாதி வேகம்கூட வராது. மோட்டார் போய்விட்டதென்று கழற்றி எறியாமல் இரண்டு வயரையும் மாற்றிப் பாருங்கள். ஒரு கார்பன் மோட்டார் கூட்டிலேயே எர்த் ஆகியிருந்தால் மட்டும் இப்படி மாற்றக் கூடாது.

இவ்வளவும் பத்து நிமிடத்தில் கழற்றிவிடக்கூடிய வேலை. பாடியில் ஒரு துளை இல்லை, அசல் ஹார்னஸில் ஒரு வெட்டு இல்லை. இதை மாற்றிக் கட்டியது என்று எந்த ஆய்வாளராவது சொன்னால், அவர் விதியில் இல்லாததைச் சேர்த்துப் படிக்கிறார்.

ஆனால் பழியை ஆய்வாளர் தலையில் மட்டும் போட முடியாது. 2020 நவம்பரில் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். எட்டு மாதம் கழித்து வந்த விதியில் பதிவெண்ணின் எழுத்து வரிசைக்கு இடம் இருக்கிறது, கட்டணத்துக்கு இடம் இருக்கிறது. ஐம்பது வருடப் பழைய வயரில் மின்சாரம் ஓடுகிறதே என்ற நினைவுக்கு மட்டும் இடமில்லை. இரண்டே ஃபியூஸோடு பிறந்த வண்டிகள் இவை. பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரை வரும் பழுப்பு லைனுக்கு ஃபியூஸே கிடையாது. ஹீட்டரைக் கழற்றிய எத்தனையோ வண்டிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் வெட்டிவிட்ட வயர் முனை டேப்கூடச் சுற்றாமல் லைவாகத் தொங்குகிறது. வண்டி எரிந்தால் ‘மின்கசிவு’ என்று ஒற்றை வரி எழுதிக் கோப்பை மூடுவார்கள். கடைசியாக வயரில் கைவைத்தவன் எவன் என்று நம்மைத் தேடி வருவார்கள். அந்த வண்டிக்கு ஃபியூஸ் போடலாமா என்று முன்கூட்டிக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஐ.டி.ஐ.யில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பிரிவு நடத்தி நம் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுப்பதும் அரசுதான். அந்தச் சான்றிதழ்காரனின் கையெழுத்துக்கு இந்த விதியில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பித்தளை மினுங்குகிறதா என்று பார்ப்பவர்கள் அந்தப் பித்தளைக்குப் பின்னால் என்ன வேகிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. இதைப் பல இதழ்களில் எழுதிவிட்டோம், எழுதிக்கொண்டேதான் இருப்போம்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஃபியூஸ், ரிலே, பேட்டரி ஐசோலேட்டர் போன்ற, கழற்றக்கூடிய பாதுகாப்புச் சாதனங்களும் அசலின் அதே அளவு, அதே நிறத்தில் மாற்றிய வயரும் பெரிய மாற்றமாகக் கருதப்படா என்று அமைச்சகம் ஒரு விளக்கச் சுற்றறிக்கை விட வேண்டும். மாவட்ட எலக்ட்ரீஷியன் சங்கங்கள் இந்த மாதமே தீர்மானம் போட்டுப் போக்குவரத்து ஆணையருக்கு அனுப்பட்டும். நகல் நமக்கும் வரட்டும்.

அதுவரை ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். எந்த வயர், எத்தனை ஆம்பியர், மோட்டார் இழுக்கும் கரன்ட் எவ்வளவு என்று எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உரிமையாளரிடம் கொடுங்கள். ஃபியூஸ் வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ஹீட்டர் லைனை இரு முனையிலும் கழற்றி இன்சுலேட் செய்து, வண்டியைத் திருப்பிக் கொடுங்கள். அந்த வேலையின் கூலி நமக்கு வேண்டாம்.