கொட்டகைக்கு முன்னால் தழை

ஆடு வளர்க்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "தழைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

பொங்கலூர்ப் பக்கம் இப்படி வருகிறவர்கள் இப்போது அதிகம். பனியன் கம்பெனியில் கட்டிங், செக்கிங் என்று பத்துப் பதினைந்து வருசம் நின்று அலுத்தவர்கள். அப்பா விட்டுப்போன மூணு ஏக்கர் சும்மா கிடக்குதே என்று நினைக்கிறவர்கள். பூமிக்குத் திரும்பி வருவது நல்ல விசயம்தான். ஆனால் வரும்போதே கையில் பரண் கொட்டகைப் படம் இருக்கும். பலகை என்ன விலை, தகரம் என்ன விலை, முப்பது ஆட்டுக்கு எத்தனை அடி என்பதெல்லாம் கணக்குப் போட்டிருப்பார்கள். தழை என்று கேட்டால், "அதுக்கென்னங்க, சோளத்தட்டு வாங்கிக்கலாம். பத்தலைன்னா தீவன மூட்டை இருக்குதுங்களே" என்பார்கள்.

இந்த இடத்தில்தான் பண்ணையம் விழுகிறது. மாசி, பங்குனியில் பச்சை தீரும். சித்திரையில் ஆடு எலும்பு தெரிய நிற்கும். குட்டிக்குப் பால் இருக்காது. மூட்டை வாங்கிக் கட்டுப்படி ஆகாமல், கேட்ட விலைக்குச் சந்தையில் தள்ளிவிட்டு வருவார்கள். லட்சம் போட்ட கொட்டகையில் பழைய சாமான் கிடக்கும். "ஆடு நமக்கு ஆகாதுங்க" என்று ஒரு முடிவும் சொல்லிவிடுவார்கள். ஆகாமல் போனது ஆடு இல்லை. தழை இல்லாமல் ஆட்டை வாங்கியதுதான் தப்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தழைதான் முதல் வேலை. அதற்குப் பிறகு ஆடு. கொட்டகை கடைசி. இதைத் தலைகீழாகச் செய்கிற வரைக்கும் நாம் தீவனக் கடைக்காரருக்குத்தான் ஆடு வளர்க்கிறோம்.

தாத்தன் போட்ட மூணு அடுக்கு

இது புதுசாக நான் கண்டுபிடித்தது அல்ல. நமக்குக் கிழக்கே காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வரைக்கும் கொறங்காடு என்று சொல்கிறோமே, அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கீழே கொழுக்கட்டைப் புல். அதோடு கலந்து நரிப்பயறு மாதிரியான பயறுக் கொடிகள். மேலே அங்கங்கே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளேயும் பிரித்து வேலி போட்டு, ஒரு பக்கம் மேய்ந்தால் இன்னொரு பக்கம் தழைய விட்டார்கள்.

புல் வயிற்றை நிரப்பும். பயறுக் கொடி சத்தைக் கொடுக்கும். புல் காய்ந்து போகிற கோடையில் வெள்வேலங்காய் உதிரும். அதைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். மழை குறைந்த சீமையில் காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் நின்றது இப்படித்தான். புல், பயறு, மரம் என்று மூணும் சேர்ந்தால்தான் தீவனம் என்பது அந்தக் காட்டைப் பார்த்தாலே தெரியும். நாம் அதில் பயறையும் மரத்தையும் கழற்றிவிட்டு, வெறும் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு "தீவனம் இருக்குது" என்கிறோம்.

வெறும் தட்டு ஏன் போதாது?

ஆடு தின்பதை ஆடே நேராகச் செரிப்பதில்லை. அதன் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாரை உடைப்பது அவைதான். அவை வேலை செய்ய வேண்டுமென்றால், தின்னும் தீனியில் ஏறக்குறைய 7 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். காய்ந்த சோளத்தட்டில் இருப்பது 3, 4 சதவீதம்தான். அதனால் வயிறு நிறைய தட்டு கிடந்தாலும் அது மெதுவாகத்தான் செரிக்கும். செரிக்காததால் அடுத்த வாய் தின்னாது. தொட்டி நிறைய தட்டு இருக்க, ஆடு இளைத்துக்கொண்டே போவதன் காரணம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. நம்ம பக்கத்து 25 கிலோ பெட்டை ஆடு ஒரு நாளைக்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், சுமார் 1 கிலோ தின்னும். அது முழுக்கத் தட்டு என்றால் கிடைக்கும் புரதம் 35 கிராம் அளவு. அதில் கால் பங்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் 1 கிலோ பச்சைத் தழை போடுங்கள். பச்சையில் முக்கால் பங்கு தண்ணீர், ஆகவே காய்ந்த கணக்கில் 250 கிராம். வேலிமசால், கிளைரிசிடியா, அகத்தி மாதிரித் தழையில் புரதம் 20 சதவீதமும் அதற்கு மேலும் உண்டு. தழையிலிருந்து 50 கிராம், மிச்சத் தட்டிலிருந்து 26 கிராம், மொத்தம் 76 கிராம். ஒரே ஒரு கிலோ தழை, ஆட்டை அந்த 7 சதவீதக் கோட்டுக்கு மேலே தூக்கி வைத்துவிடுகிறது. தழை போட்ட பிறகு தட்டையும் கூடுதலாகத் தின்னும்.

சினையின் கடைசி ஒன்றரை மாதமும், குட்டி பால் குடிக்கும் காலமும் இது போதாது. அப்போது தழையை ஒன்றரை, இரண்டு கிலோவாக்கி, ஒரு கை கடலைப் புண்ணாக்கும் சேர்க்கத்தான் வேண்டும். புண்ணாக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. புண்ணாக்கு மருந்து மாதிரி அளவோடு இருக்கட்டும், அதுவே சோறாகிவிடக் கூடாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தீவன மூட்டையில் இருக்கிற மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் பல்லடம் சுற்று வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகளும் வாங்குகிற சரக்குதான். கோழியோடு போட்டி போட்டு அதே விலைக்கு வாங்கி ஆட்டுக்குப் போடுகிறோம். கோழியால் தழையைத் தின்று கறி வைக்க முடியாது. ஆட்டால் முடியும். நாலு அறை வயிற்றோடு பிறந்த பிராணிக்குக் கோழித் தீனி எதற்கு?

எவ்வளவு இடம் வேணும்?

முப்பது ஆட்டுக்கு ஆளுக்கு 1 கிலோ வைத்தால் ஒரு நாளைக்கு 30 கிலோ தழை. மழைக்குப் பிறகு நாலு மாசம் மேய்ச்சலிலேயே பச்சை கிடைத்துவிடும். மிச்சம் எட்டு மாசத்துக்கு ஏழே கால் டன். இதில் பாதியை வேலிமசாலிலும் பாதியை மரத்திலும் எடுக்கலாம்.

வேலிமசால் நல்ல தண்ணீர் வசதியில் வருசம் ஹெக்டேருக்கு 125 டன் வரை வரும் என்பது பரிந்துரைக் கணக்கு. சென்ட்டுக்கு 500 கிலோ. நம்ம போர் தண்ணீரின் உப்புக்கும் மண்ணுக்கும் அதில் பாதியை மட்டும் நம்புங்கள். அப்படியும் 15 சென்ட் போதும், 20 சென்ட் போட்டால் தாராளம். விதையின் தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, அதில் நாலைந்து நிமிசம் போட்டு எடுத்து, ஆற வைத்து விதைக்க வேண்டும். ஒன்றரை அடி வரிசை. முதல் அறுப்பு மூணு மாசத்தில், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. விதை விசயமாகக் கேட்க நம்ம பொங்கலூரிலேயே வேளாண்மை அறிவியல் நிலையம் இருக்கிறது.

மரத்துக்குத் தனி இடமே வேண்டாம். மூணு ஏக்கரைச் சுற்றி வேலி 400 மீட்டருக்கு மேல் வரும். அதில் இருநூறு கிளைரிசிடியா போத்து ஐப்பசி மழைக்கு நட்டுவிடுங்கள். மரத்துக்கு வருசம் 15, 20 கிலோ தழை என்று வைத்தாலும் கணக்கு முடிந்தது. இடையிடையே அகத்தி, சூபாபுல், அரப்பு, வெள்வேல் என்று கலந்து வையுங்கள். அகத்தியை மட்டும் அடியோடு வெட்டாதீர்கள், பட்டுப்போகும். மானாவாரியில் கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்தால் அந்தப் பொட்டு, கடலை போட்டால் அந்தக் கொடி, எல்லாம் கோடைக்குச் சேமிப்பு. இதையெல்லாம் காட்டிலேயே மழையில் நனைய விட்டு வீணாக்குகிறோம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

தழை நல்லது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடக் கூடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ஐப்பசியில் மழையோடு அறுத்த குதிரைமசாலை, காலையில் வெறும் வயிற்றோடு இருந்த ஆடுகளுக்கு ஆசை ஆசையாகப் போட்டேன். உச்சி வேளைக்குள் ரெண்டு ஆட்டுக்கு இடது பக்கம் பானை மாதிரி உப்பிவிட்டது. கடலை எண்ணெய் புகட்டி ஒன்றைக் காப்பாற்றினோம். இன்னொன்று டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. நல்ல சினை ஆடு. தப்பு முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து நாலு விசயத்தை விடுவதில்லை. முதலில் தட்டு, பிறகு தழை. அறுத்த தழையை நாலைந்து மணி நேரம் நிழலில் வாட விட்டுத்தான் போடுவது. புதுத் தழையை ஒரு பிடியில் ஆரம்பித்து, பத்துப் பதினைந்து நாளில் முழு அளவுக்குக் கொண்டு வருவது. எந்த ஒரு தழையையும் தனியாகப் போடாமல் ரெண்டு மூணு கலந்து போடுவது.

கலந்து போடுவதற்குக் காரணம் உண்டு. சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மயிர் கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும். ஆஸ்திரேலியாவில் இந்தத் தொந்தரவு பெரிதாக இருந்தது. ஹவாய் தீவு ஆடுகளோ அதே தழையை நாள் முழுக்கத் தின்றும் நன்றாக இருந்தன. அந்த ஆடுகளின் வயிற்றில் நச்சை முறிக்கிற நுண்ணுயிர் இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 1980களில் கண்டறிந்து, அதைத் தன் நாட்டுக் கால்நடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நமக்கு இதில் பாடம், வயிறு பழகப் பழகத்தான் தழை தீனியாகும் என்பது.

அரப்பு, வேல் வகைத் தழையில் துவர்ப்பு அதிகம். அளவோடு இருந்தால் அந்தத் துவர்ப்பு நல்லதே செய்கிறது. புரதம் பெரிய வயிற்றிலேயே கரைந்து வீணாகாமல் குடலுக்குப் போய்ச் சேர உதவும், வயிற்றுப் புழுவையும் கொஞ்சம் அடக்கும். அதிகமானால் பசி மந்தம். கிளைரிசிடியாவின் வாடை முதலில் ஆட்டுக்குப் பிடிக்காது. ராத்திரி முழுக்க வாட விட்டுக் கொடுத்துப் பாருங்கள், நாலாம் நாள் தானாக வாய் வைக்கும்.

"தண்ணியில்லீங்களே!"

இந்தப் பேச்சு எடுத்தாலே வருகிற பதில் இது. பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீர் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் வருகிறது, வாஸ்தவம். அதனால்தான் மரத்தைச் சொல்கிறேன். வேர் பிடித்த வெள்வேலுக்கும் அரப்புக்கும் யாரும் தண்ணீர் கட்டுவதில்லை. 20 சென்ட் வேலிமசாலுக்குச் சொட்டு நீர் போதும். அதற்கும் தண்ணீர் இல்லாத பூமியில் முப்பது ஆட்டை வைத்துக் குடிக்கத் தண்ணீர் காட்டுவதே கஷ்டம், பத்தோடு நிறுத்துங்கள்.

"ஆள் கிடைக்கலை" என்பது அடுத்த பதில். முப்பது கிலோ தழை அறுக்க ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம். பகலில் ஆடு மேய்ந்து வரட்டும், சாயங்காலம் பட்டியில் தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள். நாள் முழுக்கப் பரண் மேலேயே நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் நாமே சுமந்து போடுவதுதான் உண்மையில் ஆள் தின்கிற வேலை.

ரசாயன உரம் போடாத நமக்கு இதில் இன்னொரு வரவும் உண்டு. தழைச்சத்து என்று எவ்வளவு அருமையாகப் பெயர் வைத்திருக்கிறோம்! பயறுச் செடிகளின் வேர் முடிச்சில் காற்றிலிருந்து பிடித்து வைக்கிற நைட்ரஜன்தான் தழைக்குள் புரதமாகிறது. ஆடு அதைத் தின்று கறியாக்கியது போக, மிச்சத்தைப் புழுக்கையாகவும் கோமியமாகவும் பட்டியிலேயே போடுகிறது. பட்டியை மாற்றி மாற்றிப் போட்டால் காடு முழுக்கத் தழைச்சத்து. யூரியா மூட்டையும் தீவன மூட்டையும் ஒரே தழையால் மிச்சம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, மனசை உறுத்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். பொங்கலூரிலிருந்து கிழக்கே போகிற எந்த ரோட்டிலும் பாருங்கள். கிளுவை வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். சைட் போடுகிறவர்கள் மட்டும் இல்லை, விவசாயம் பண்ணுகிற நம்மவர்களும்தான். பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறதாம். கம்பி வேலி ஒரு இலை விடாது. கோடையில் ஒரு காய் உதிர்க்காது. இருபது, முப்பது வருசம் நின்ற வேலியைப் பிடுங்க அரை நாள் போதும். திரும்ப வளர்க்க நம்ம ஆயுசு வேணும்.

அதனால் ஆடு வாங்க நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஐப்பசி மழைக்குப் போத்து நடுங்கள், மசால் விதையுங்கள். முதல் வருசம் ஐந்து ஆடு மட்டும் வாங்கி, வேப்பமரத்தடியில் பட்டி போட்டுக் கட்டுங்கள். அடுத்த சித்திரையில் உங்கள் வேலியில் தழை நின்றால் ஆட்டைப் பெருக்குங்கள். நிற்கவில்லை என்றால் போத்தைப் பெருக்குங்கள். கொட்டகைக்கு அவசரமே இல்லை, தகரம் எப்பவும் கடையில் கிடைக்கும்.