பொம்மைக்கு அடியில் உள்ள வட்டம்



மேசைப் போர் விளையாட்டு ஆடும் பிள்ளைகளை, "பிளாஸ்டிக் பொம்மைக்கா இவ்வளவு காசு?" என்று திட்டுகிறீர்கள். காசுக்காகத் திட்டுங்கள், தப்பில்லை. "சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பொம்மை நிற்கும் பீடத்தை ஒருமுறை கவனியுங்கள்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் 'வார்ஹாமர் 40,000' ஆட்டத்தில், தூரத்தை அளப்பது வாள் நுனியிலிருந்து அல்ல, பீடத்தின் விளிம்பிலிருந்து. 'ஸ்பேஸ் மரீன்' வீரனுக்கு முன்பு 25 மி.மீ. வட்டம், 2015 வாக்கில் அது 32 மி.மீ. ஆனது. 7 மி.மீ.தானே என்பீர்கள். பத்துப் பேரை ஒட்டி நிறுத்தினால் 25 செ.மீ. வரிசை 32 செ.மீ. ஆகிவிடும். பரப்போ ஒன்றரை மடங்கைத் தாண்டும். முன்பு நுழைந்த சந்தில் இப்போது நுழைய முடியாது. எதிரியைத் தொட்டு நிற்கும் ஆட்களும் குறைவார்கள். இதற்காகப் பழைய பொம்மையைப் பிடுங்கி ஒட்டச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. பழைய பீடத்தைச் சுற்றி ஒரு வளையம் ஒட்டினால் போதும்.

பறக்கும் பொம்மைகளுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தண்டு. பழைய உலோக பொம்மையின் கனத்துக்கு அந்த மெல்லிய தண்டு முறிந்துவிடும். தண்டு ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே இல்லாவிட்டால் பீடத்தோடு கவிழக்கூடும். (கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்!) பீடத்தின் அடியில் இரும்பு வாஷர் ஒட்டலாம். தண்டின் உச்சியில் பசைக்குப் பதில் சிறு காந்தம் வைப்பதே நல்லது. இடித்தால் முறியாமல் கழன்றுவிடும்.

பரீட்சை நேரத்தில் பெட்டியைப் பரணில் ஏற்றுவதானால், தண்டுகளைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.