திருஷ்டிக்கு எத்தனை ஜூல்?

படிச்ச மக்கள் வாயில 'திருஷ்டி'ங்கற வார்த்தை மெல்ல மெல்ல காணாம போயிட்டு இருக்கு, கவனிச்சீங்களா? அந்த இடத்துல இப்ப 'நெகட்டிவ் எனர்ஜி' சம்மணம் போட்டு உக்காந்துடுச்சு. வாசல்ல கட்டுறது அதே படிகாரம், அதே ஆகாச கருடன் கிழங்கு, அதே எலுமிச்சம்பழம் பச்சமிளகாதான். ஆனா திருஷ்டின்னு சொன்னா பட்டிக்காடு, எனர்ஜின்னு சொன்னா சயின்ஸ். ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பர் மானிட்டருக்குக் கீழ ஒரு கிண்ணத்துல கல்லுப்பு வச்சிருக்கார். கேட்டா, "டீம்ல ஒருத்தரோட எனர்ஜி சரியில்ல பாஸ்"ங்கறார். எம்.டெக் படிச்ச மனுஷன்!

என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு திருஷ்டி சுத்திப் போடுறதுல நம்பிக்கை கிடையாது. ஆனா அந்த ரெண்டுல எதோட குடித்தனம் பண்ணலாம்னு கேட்டா, திருஷ்டியோடதான்னு சொல்லுவேன். இந்த எனர்ஜி சமாச்சாரம் அதைவிட மோசம்.

முதல்ல சயின்ஸை முடிச்சிடுவோம். எனர்ஜிக்கு அளவு உண்டு. 100 கிராம் ஆப்பிளை ஒரு மீட்டர் தூக்கினா கிட்டத்தட்ட ஒரு ஜூல். பக்கத்து வீட்டுக்காரர் நம்ம புது காரைப் பார்த்து பெருமூச்சு விட்டது எத்தனை ஜூல்னு யாராச்சும் அளந்து சொன்னா நானும் கிண்ணம் வாங்கிக்கறேன். எலுமிச்சம்பழத்துல எனர்ஜி இல்லவே இல்லியான்னா, இருக்கு. ஒரு துத்தநாக ஆணியும் ஒரு செம்புக் கம்பியும் சொருகினா ஏறக்குறைய 0.9 வோல்ட் கிடைக்கும். ஸ்கூல் எக்ஸிபிஷன்ல பண்ணிருப்பீங்க. வாசல்ல நூல்ல கோத்துத் தொங்கவிட்டா அதுவும் கிடையாது :-)

உப்புக் கதை இன்னும் சுவாரசியம். 'உப்பு கரைஞ்சா வீட்டுல இருக்குற கெட்ட சக்தியை உறிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்'னு வாட்ஸ்அப்ல சுத்துது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா நீர் கோத்து கரைய ஆரம்பிக்கும், அவ்ளோதான் விஷயம். சென்னையில ஓ.எம்.ஆர். பக்கம் கடல் காத்து. கரையாம என்ன பண்ணும்? அதே உப்பை மொரப்பூர்ல சித்திரை மாசம் வச்சா கல்லு மாதிரி அப்படியே கிடக்கும். உடனே எங்க ஊர்க்காரன் எல்லாம் வயிறெரியாத உத்தமனுங்கன்னு நினைச்சுடாதீங்க. அங்க இருக்குற பங்காளிச் சண்டைக்கு ஒரு லாரி உப்பு பத்தாது.

சரி, திருஷ்டிக்கு ஏன் வக்காலத்து வாங்கறேன்?

எங்க ஆயா சுத்திப் போடும்போது கவனிச்சிருக்கேன். கல்லுப்பு, வரமிளகா, தெருமண்ணு. மூணு சுத்து, துப்புன்னு ஒரு அதட்டல், அப்புறம் அடுப்புல. மிளகா நெடி வரலைன்னா 'பாத்தியா, எவ்ளோ கண்ணு!', நெடி வந்துச்சுன்னா 'ஒண்ணுமில்ல, போய் விளையாடு'. எப்படிப் போட்டாலும் ஆயா பாஸ், டெஸ்ட் கேஸே ஃபெயில் ஆகாது. ஆனா முணுமுணுத்துக்கிட்டே சுத்துற அந்தப் பட்டியலைக் கேக்கணும். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, வழியில போனவன் கண்ணுன்னு ஒருத்தரையும் விடாது. 'தாய்க் கண்ணு பேய்க் கண்ணு'ன்னு பெத்தவளையும் அதுல சேர்த்துக்கும். அதாவது எல்லாரும் குற்றவாளி, அதனால யாருமே குற்றவாளி இல்ல. அதிகமா ரசிச்சாலே பட்டுடும். உப்பு அடுப்புல வெடிச்சதும் கேஸ் க்ளோஸ். மறுநாள் அதே பக்கத்து வீட்டு அக்காகிட்ட காப்பித்தூள் கடன் வாங்கப் போவாங்க.

எனர்ஜிக்கு அந்த முடிவு இல்லை. அது ஒரு ஆளோட குணமாவே ஒட்டிக்குது. 'அவங்க வைப்ரேஷன் சரியில்ல'ன்னா அது இன்னிக்கும் சரியில்ல, அடுத்த வருஷமும் சரியில்ல. பரிகாரம், அவங்களை ஒதுக்குறது.

உடனே 'பழசெல்லாம் பொன்னா?'ன்னு கேப்பீங்க. இல்ல சாமி. பழசுலயும் 'கொள்ளிக் கண்ணு'ன்னு முத்திரை குத்துற வேலை உண்டு. எங்க தெருவுல குழந்தை இல்லாத ஒரு அக்கா இருக்காங்க. யார் வீட்டு விசேஷத்துக்கும் பந்தி முடிஞ்ச பிறகுதான் வருவாங்க. மொய் எழுதிட்டு, குழந்தை பக்கம் திரும்பாம, வாசலோட கிளம்பிடுவாங்க. யாரும் வராதேன்னு சொன்னதில்ல, அவங்களே அப்படி பழகிட்டாங்க. சின்ன வயசுல எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்ததே அவங்கதான். இதுல கடுப்பு என்னன்னா, ஆயா தலைமுறை குசுகுசுன்னு சொன்னதை இப்ப காலேஜ் முடிச்ச பொண்ணுங்க தைரியமா 'நெகட்டிவ் எனர்ஜி'ன்னு சொல்றாங்க. பழைய அழுக்குக்கு புது சோப்பு உறை. மூடநம்பிக்கைன்னு கூட யாரும் திட்ட முடியாது பாருங்க.

கண்ணடி பயம் நமக்கு மட்டும் சொந்தமில்ல. துருக்கியில நீலக் கண்ணாடி மணி, இத்தாலியில கொம்பு. 1976-ல ஜான் ராபர்ட்ஸ்ங்கறவர் உலகம் பூரா 186 சமூகங்களை எடுத்துப் பார்த்து, 36 சதவீதத்துல இந்த நம்பிக்கை இருக்குன்னு சொன்னார். பால் கறக்குறதும் ஏற்றத்தாழ்வும் இருக்குற சமூகங்கள்ல இது கூடுதலாம். ஆலன் டண்டஸ்ங்கற நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் இன்னொண்ணு சொன்னார். கண்ணு படுறதுன்னா ஈரமானது வத்திப் போறதாம். பசு மடி, தாய்ப்பால், காய்க்குற மரம். தண்ணி பஞ்சத்துலயே வளர்ந்த எங்க தர்மபுரி ஜில்லாக்காரனுக்கு இதைப் புரியவைக்க பெர்க்லி வரைக்கும் போக வேண்டியதில்ல.

எங்க பக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்ச காப்பு ஒண்ணு இருக்கு. போகிக்குக் கட்டுற காப்புக் கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, இது மூணையும் சேர்த்து கொத்தா கட்டி வீட்டுத் தாழ்வாரத்துல சொருகுவோம். அப்புறம் மாட்டுக் கொட்டாய், கிணத்து மேடு, வயக்காடு. சேலம், கோயமுத்தூர் பக்க மக்களுக்கும் தெரியும், சென்னை நண்பர்களுக்குச் சொன்னா முழிப்பாங்க. வெள்ளை, மஞ்சள், பச்சைன்னு பார்க்கவே அவ்ளோ அழகு. காட்டு ஓரத்துல தானா முளைச்சுக் கிடக்குறது, காசு கிடையாது. இப்ப சந்தையில கட்டு பத்து இருபதுன்னு விக்கறாங்க, அதுவும் யாரோ ஒரு பாட்டி வெயில்ல பறிச்சதுதான், குடுக்கலாம். முக்கியமா, அந்தக் காப்பு யாருக்கு எதிராவும் இல்லை. தை பொறக்குது, வீடு நல்லா இருக்கணும், மாடு நல்லா இருக்கணும், அவ்ளோதான். மொரப்பூர் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கும்போது எந்த வீட்டு ஓட்டுல பூளைப்பூ தெரிஞ்சாலும் எனக்குள்ள ஒரு குளிர்ச்சி. இதை எனர்ஜின்னு சொல்லிடாதீங்க, அடிப்பேன்.

இதே சமாச்சாரம் கடைக்குப் போனா என்ன ஆகுதுன்னு பார்த்தோம்ல. பிரமிடு, எந்திரத் தகடு, உப்பு விளக்கு. தாயத்து, மந்திரம், கவசத்தால நோய் தீரும்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954-லயே மத்திய சட்டம் இருக்கு. நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்ட்ல சுட்டுக் கொன்ன பிறகு மகாராஷ்டிரா தனிச் சட்டம் கொண்டு வந்துச்சு. அதை வச்சுத்தான் 2021 ஜனவரியில பம்பாய் ஹைகோர்ட்டோட ஔரங்காபாத் கிளை, டிவியில எந்திரத் தகடு விக்கிற விளம்பரம் சட்டவிரோதம்னு சொன்னது. கர்நாடகாவும் 2017-ல ஒரு சட்டம் போட்டுச்சு. பெரியார் பொறந்த மண்ணுன்னு மார் தட்டுற நம்மகிட்ட அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. சட்டம் ஆயா உப்பைத் தொட வேண்டாம். தகடு விக்கிறவனைத் தொட்டா போதும்.

ஆயுத பூஜைக்கு நடுரோட்டுல பூசணிக்காய் உடைக்கிறவங்களையும் தொடலாம். வருஷா வருஷம் போலீஸ் கெஞ்சுது, வருஷா வருஷம் பைக்காரன் வழுக்கி விழறான். உங்க லாரிக்குக் கழிஞ்ச திருஷ்டி அவன் முட்டியில வந்து நிக்குது. ஓரமா உடைச்சு, ஒரு விளக்கமாறு எடுத்து அள்ளிப் போடுங்கப்பா.

அடுத்த மாசம் அண்ணன் புது வீடு பால் காய்ச்சறான். வாசல்ல படிகாரம் கட்டுவாங்க, ஆரத்தி சுத்துவாங்க (மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா சிவப்பாகுறது சுத்தமான கெமிஸ்ட்ரி, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கும்), கட்டட வாசல்ல தொங்குற பூதத்தலை பூசணி இறங்கும். எதுக்கும் நான் சண்டை போடப் போறதில்ல. அந்த அக்காவுக்குப் பத்திரிகையை நான் வைக்கறேன்னு வாங்கி வச்சிருக்கேன், முதல் பந்திக்கே வரச் சொல்லி. அம்மா ஒண்ணும் சொல்லல. ஆனா மூஞ்சி சரியில்ல.