ஸ்குரூ இல்லாத சார்ஜர்!

உங்க செல்போன் சார்ஜரைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்க. எங்கேயாவது ஸ்குரூ தெரியுதா? பசை போட்ட அடையாளமாவது? பெரும்பாலும் ரெண்டுமே இருக்காது. ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல முடி மாதிரி ஒரு கோடு மட்டும் ஓடும். ஒட்டவெச்சது என்ன தெரியுமா? சத்தம். அதுவும் காதுக்கே கேட்காத சத்தம்!

விநாடிக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான் மனுஷக் காதுக்கு எட்டும். அதைத் தாண்டினா அல்ட்ராசோனிக். அந்த அதிர்வை வெச்சு பிளாஸ்டிக்கை ஒட்டுறதுதான் அல்ட்ராசோனிக் வெல்டிங்.

மேட்டர் சிம்பிள். வீட்டுக்கு வர்ற கரன்ட் 50 ஹெர்ட்ஸ். மெஷின் அதை 20,000 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏத்தும். உள்ளே இருக்கிற செராமிக் தட்டுகள் அந்தக் கரன்ட்டை அதிர்வா மாத்தும். 'ஹார்ன்'ங்கிற உலோகக் கட்டை அந்த அதிர்வோட இறங்கி பிளாஸ்டிக்கை அழுத்தும். ஒரு பாதியோட விளிம்புல முக்கோணமா குட்டி வரப்பு ஒண்ணு விட்டிருப்பாங்க. பேரு 'எனர்ஜி டைரக்டர்'. அதிர்வெல்லாம் அதோட நுனியில குவியும். நுனி சூடாகி, உருகி, எதிர்ப்பக்கத்தோட கலந்து ஆறினா, ரெண்டும் ஒரே பீஸ்! பல நேரம் ஒரே விநாடிக்குள்ள வேலை முடிஞ்சிடும். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் மாதிரி சூட்டுல உருகுற பிளாஸ்டிக்னா ஓகே. உருகாத பேக்கலைட்கிட்ட இந்தப் பாச்சா பலிக்காது.

2020-ல நாம எல்லாரும் மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச சர்ஜிக்கல் மாஸ்க் ஞாபகம் இருக்கா? காதுல மாட்டுற எலாஸ்டிக்கை ஊசி, நூல் இல்லாம அதுல ஒட்டினதும் இதே டெக்னிக்தான்.

இந்தக் கதைக்கு நம்ம பாண்டியோட ஒரு தூரத்துச் சொந்தமும் உண்டு. பீச் ரோட்டுல காந்தி சிலைக்கு எதிரே பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கே... முதல் உலகப் போர்ல பிரான்ஸுக்காகப் போய் உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-ல திறந்தது. அதே போர்ல, கடலுக்கடியில ஒளிஞ்சு வர்ற நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க பால் லாஞ்செவின்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி 1917-ல ஒரு கருவி செஞ்சார். ரெண்டு இரும்புத் தட்டுக்கு நடுவுல குவார்ட்ஸ் படிகம், சாண்ட்விச் மாதிரி. கரன்ட் குடுத்தா அதிரும். இன்னிக்கு வெல்டிங் மெஷினுக்குள்ள இருக்கிறது அந்த சாண்ட்விச்சோட வாரிசுதான். அமெரிக்காவுல ராபர்ட் சோலாஃப், தற்செயலா கருவியை டேப் டிஸ்பென்ஸர் பக்கத்துல கொண்டுபோக, அதோட ரெண்டு பாதியும் ஒட்டிக்கிச்சு. 1965-ல சோலாஃப், லின்ஸ்லி ரெண்டு பேருக்கும் பேட்டன்ட் கிடைச்சுது.

எல்லாம் சரி, சிக்கல் எங்கே? ஒட்டினதைப் பிரிக்க முடியாது! உள்ளே சில ரூபாய் கெபாசிட்டர் ஒண்ணு புட்டுக்கிட்டாகூட சார்ஜர் குப்பைக்குத்தான். விளிம்புல கத்தி வெச்சுத் தட்டித் திறந்தாலும் பழையபடி மூடாது. அதுக்காக வெல்டிங்கை வில்லனாக்கவும் முடியாது. உள்ளே ஓடுறது 230 வோல்ட். நாமோ, தம்பி தங்கச்சியோ சும்மா திறந்து பார்க்கக் கூடாதுன்னுதான் அந்தப் பூட்டு. (நீங்களும் டிரை பண்ணாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கலாம்!)

ஆனா பேட்டரியில ஓடுற டூத் பிரஷ்ஷுக்கும், விளையாட்டு பொம்மைக்கும் அதே பூட்டு எதுக்கு? பேட்டரி செத்தா பொருளே செத்த மாதிரிதானே? கைப்பொருள்கள்ல இருக்கிற பேட்டரியைப் பெரும்பாலும் வாங்கினவரே மாத்திக்கிற மாதிரி இருக்கணும்னு ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டிருக்கு. 2027 பிப்ரவரியில இருந்து அமல். நம்ம ஊர்லயும் 2022 டிசம்பர்ல 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் வந்துச்சு. 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள், பழசானதை மறுசுழற்சி செய்ற பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையிலயே கட்டுது.

மெக்கானிக்கல், பிளாஸ்டிக், புராடக்ட் டிசைன் படிக்கிற மக்களே, நாளைக்கு சேதராப்பட்டுலயோ, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலயோ அந்த வரப்பை வரையப் போறது நீங்கதான். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: "இதை யாராவது திறக்க வேண்டி வருமா?" வராதுன்னா வெல்டு பண்ணுங்க. வரும்னா, ரெண்டு ஸ்குரூவுக்கு இடம் விடுங்க பாஸ்!