எது முதற்கடன்?

காஞ்சிமாநகரின் பிள்ளையார்பாளையத்தில் வைகறைப் பொழுதில் செல்வோர், பட்டிழைகள் தெருவின் நெடுமையில் பாவாக நீட்டப்பட்டிருத்தலைக் காண்பர். பாவினைச் செம்மையுற அமைத்துத் தறியில் ஏற்றிய பின்னரே நெசவாளர் ஊடையை ஓட்டுவர். சரிகையின் பொலிவு எத்துணைச் சிறந்ததாயினும், பாவு அமையாமுன் அதற்கு இடமில்லை. நெசவில் முறை தவறினால் கெடுவது ஒரு புடைவை. காட்டில் வழி தவறியவன் முறையும் தவறினால் கெடுவது உயிர்.

அத்தகையோர்க்கு முதலில் தோன்றுவன இரண்டு. ஒன்று, இருள்வதற்குள் எவ்வழியேனும் ஓடிவிட வேண்டும் என்னும் பதற்றம்; மற்றொன்று, உணவைப் பற்றிய கவலை. இவை இயல்பானவையே, எனினும் முதலிடம் பெறத் தக்கவை அல்ல. மனிதன் காற்றின்றி 3 நிமிடமும், கடுங்குளிரிலோ கடும்வெயிலிலோ காப்பின்றி 3 மணி நேரமும், நீரின்றி 3 நாளும், உணவின்றி 3 வாரமும் உயிர் தாங்குவான் என்பது இத்துறை வல்லோர் கூறும் பொதுக்கணக்கு. ஆளுக்கும் இடத்திற்கும் ஏற்ப இவ்வளவு மாறுபடும். பசி உரத்துக் கூவும். ஆயினும் உயிர்ப்பகைகளுள் அதுவே கடைசியில் வருவது. நனைந்த உடலில் ஏறும் குளிரோ ஓசையின்றி வந்து உயிரைக் கவரும்.

வள்ளுவப் பெருந்தகையார் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசனுக்குக் கூறப்பட்டனவேனும், காட்டில் தனித்து நிற்பவனுக்கும் பொருந்துவனவாம். அவன் முதற்கண் அமர்ந்து எண்ணுதல் வேண்டும். பின்னர்த் தன் உடல்வலியையும் கையிலுள்ள பொருளையும், கதிரவன் மறைய எஞ்சிய பொழுதையும், நிற்கும் இடத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். அதன்பின் மழைக்கும் குளிருக்கும் மறைவு, அடுத்து நீர், அடுத்துத் தேடுவோர் காணத்தக்க அடையாளம், இறுதியில் உணவு. இடரில்லாத இடத்தில் தங்கியிருப்பவனைத் தேடிக் காண்பது எளிது. அலைபவனைக் காண்பது அரிது.

2023-ஆம் ஆண்டு மே முதல் நாள், கொலம்பியா நாட்டின் அமேசான் காட்டில் சிறு விமானம் ஒன்று வீழ்ந்தது. அதில் சென்ற பெரியோர் மூவரும் மாண்டனர். உடன்பிறந்த சிறார் நால்வர் பிழைத்தனர். மூத்தவள் 13 வயதுச் சிறுமி. கடைக்குட்டி ஓராண்டு நிரம்பாத மகவு. அவர்கள் விமானத்திலிருந்த மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டனர். கிடைத்தவற்றைக் கொண்டு மறைவிடம் அமைத்தனர். மாவு தீர்ந்தபின் தாம் முன்னரே அறிந்திருந்த கனிகளையும் விதைகளையும் உண்டனர். ஓரிடத்திலேயே இருக்குமாறு அவர்தம் பாட்டி கூறிய சொற்கள் பதிவு செய்யப்பட்டு, வானிலிருந்து ஒலிபெருக்கி வழியே கேட்பிக்கப்பட்டன. 40 நாள் கழித்து, ஜூன் 9-ஆம் நாள், நால்வரும் உயிருடன் மீட்கப்பட்டனர். அவர்களைக் காத்தது உடல்வலி அன்று; தம் குடியினர் வாய்வழியே தந்த காட்டறிவே.

எவ்விடத்தும் ஒரே வரிசை பொருந்துமோ எனின், பொருந்தாது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேற்றத்திற்குச் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும். காய்ந்த புல் அதற்கு உணவாகும். ஆங்குத் தங்கியிருத்தல் பயனற்றது. புல்லற்ற பாறைவெளியையோ நீரோடையையோ நாடி விலகுதலே முதற்கடன். இதனால் முறை பொய்த்ததென்று கொள்ளற்க. உயிரை விரைந்து கொல்ல வல்லது எதுவோ, அதனை முதலில் விலக்குக என்பதே அம்முறையின் உயிர்நிலை. மாண்டோரைக் குறைகூறுதல் அறமன்று. அவர்தம் இழப்பினின்று கற்பதே வாழ்வோர் கடமை. கோடையில் காய்ந்த மலையில் ஏறலாமா என்று புறப்படுமுன் வினவுதலும், வனத்துறையின் இசைவு பெறுதலும், செல்லுமிடத்தையும் மீளும் நாளையும் வீட்டார்க்கு உரைத்தலும் காலமறிந்தார் செயல்களாம்.

இவ்வறிவு காட்டிற்குச் செல்வோர்க்கு மட்டுமே உரியதன்று. வெள்ளம் புகுந்த வீட்டில் பெட்டியை முதலில் எடுப்பதா, முதியோரை முதலில் மேடேற்றுவதா என்பதும் இவ்வினாவே. ஆதலின் எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் பள்ளிகள் இடர்க்காலத்து முறையையும் இளமையிலேயே கற்பித்தல் வேண்டும். பதற்றம் வந்தபின் முறையைக் கற்றல் இயலாது; முன்னர்க் கற்ற முறையே பதற்றத்தை அடக்கும்.